சுடாத கால்

புண்ணுக்குக் கட்டுப் போடும் டிரெஸ்ஸிங் அறைக்கு நர்ஸாக வந்த புதிதில் உங்கள் கண் முழுவதும் புண் மேலேயே இருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. அளவு, ஆழம், நிறம், வாடை என்று ஒவ்வொன்றாகப் பார்க்கப் பழகுவீர்கள். அதையெல்லாம் உங்கள் மூத்தவர்கள் என்னைவிட நன்றாகச் சொல்லித் தருவார்கள். ஓய்வு பெற்று, மத்தியான வெயிலில் வேப்ப நிழல் சுவரில் அசைவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் எனக்கு இப்போது புண்கள் அவ்வளவாக நினைவுக்கு வருவதில்லை. தங்கள் கால்களைப் பற்றி நோயாளிகள் சொன்ன வார்த்தைகள்தான் வருகின்றன.

பஞ்சு மேல் நடப்பது போல இருக்கிறது என்பார்கள். ஒரு லாரி டிரைவர், ஆக்சிலேட்டரில் இருக்கும் கால் தன்னுடையதா, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருடையதா என்று சில நேரம் சந்தேகம் வந்துவிடுகிறது என்றார். வெண்ணந்தூரிலிருந்து வந்த ஓர் அம்மா, செருப்பு எந்தத் தெருவில் கழன்றது என்றே தெரியாமல் வீடு வரை வந்துவிட்டதைச் சொல்லிச் சிரித்தார். சர்க்கரை நோய் காலின் உணர்ச்சியை ஒரே நாளில் பறித்துக்கொள்வதில்லை. தூக்கம் வருவது போல மெல்ல மெல்ல வருகிறது. வலி போய்விட்டது என்று யார் ஆஸ்பத்திரிக்கு ஓடி வருவார்கள்? வலியில்லாமல் இருப்பதை வரம் என்றுதான் நினைப்பார்கள். உண்மையிலேயே அப்படி நினைத்த ஒருவரைப் பற்றித்தான் உங்களுக்குச் சொல்லப்போகிறேன்.

மாரப்பன் பூசாரி எங்களிடம் வந்தது ஒரு மாசி மாதத்துக் காலை. நான் அப்போது சேந்தமங்கலம் பக்கத்து மருத்துவமனை ஒன்றில் இருந்தேன். டிரெஸ்ஸிங் அறை ஜன்னலைத் திறந்தால் கொல்லிமலை தெரியும். பனி விலகாத காலைகளில் மலை இருக்கிறதா, அந்த நேரத்துக்கு யாரோ சாம்பல் நிறத்தில் வரைந்து வைத்திருக்கிறார்களா என்று தோன்றும். அன்றும் அப்படித்தான் இருந்தது. நெற்றி நிறையத் திருநீறும் தோளில் ஈரத்துண்டுமாக அவர் உள்ளே வந்தார். நொண்டவில்லை. அடி பிசகாமல் நிதானமாக நடந்து வந்து உட்கார்ந்தார். அவர் வந்த வழியில் தரையில் சிவப்பாகச் சொட்டுகள்.

அவர் மனைவி பாவாயிதான் நடந்ததைச் சொன்னார். சில நாள் முன்பு கோயில் தரையைக் கழுவும்போது கருவறை வாசலில் சிவப்பாகக் கிடந்திருக்கிறது. தட்டிலிருந்து குங்குமம் சிந்திவிட்டது என்று துடைத்துவிட்டார். மறுநாளும் கிடந்தது. தட்டை நேராகப் பிடிக்கக்கூடாதா என்று கணவரைக் கடிந்துகொண்டே துடைத்திருக்கிறார். பிறகொரு நாள் அந்தக் குங்குமம் கோயில் வாசலைத் தாண்டி, தெருவைத் தாண்டி, அவர்கள் வீட்டுக்குள் கட்டில் வரை வந்திருந்தது. அப்போதுதான் கணவரின் காலைத் தூக்கிப் பார்த்தார். பார்த்ததைப் போனில் படம் எடுத்து மகன் செந்திலுக்கு அனுப்பினார். செந்தில் போர்வெல் ரிக் வண்டியில் வேலை, அப்போது ஆந்திராவில் இருந்தார். இன்றைக்கே அப்பாவைக் கூட்டிப் போகாவிட்டால் வேலையை விட்டுவிட்டு வருகிறேன் என்று மகன் சொன்ன பிறகுதான் பூசாரி கிளம்பினார்.

பெருவிரலுக்கு அடியில் புளியங்கொட்டை அளவுக்குத்தான் புண்ணின் வாய். உள்ளே ஆழம் இருந்தது. சுத்தம் செய்யும்போது ஒரு கருவேல முள்ளின் முனை வெளியே வந்தது. அது எப்போது ஏறியது என்று அவருக்குத் தெரியவில்லை. பஞ்சின் மேல் வைத்துக் காட்டினேன். யாரோ தொலைத்த பொருளைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

எங்கள் டாக்டர் இளவயதுக்காரர்; பொறுமையானவர். எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு எலும்பு இன்னும் கெடவில்லை என்றார். காலை ஊன்றக்கூடாது, புண் ஆறும் வரை மாவுக்கட்டு போட வேண்டும் என்று விளக்கினார். பூசாரி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கடைசியில், ஏதோ சின்ன விஷயத்தைச் சொல்வது போலச் சொன்னார்.

"இன்னும் கொஞ்ச நாள்ல காப்புக் கட்டுதுங்க. குண்டம் நான்தான் மொதல்ல எறங்கோணும்."

அவருடைய ஊர் மாரியம்மன் கோயிலில் பங்குனியில் தீக்குண்டம் உண்டு. பூசாரி பூப்பந்தை நெருப்பில் உருட்டிவிட்டு முதலில் இறங்குவார். மற்றவர்கள் பின்னால் வருவார்கள். அவர் அப்பாவுக்குப் பிறகு அவர்தான். மற்றவர்கள் குண்டத்தில் ஓடிக் கடப்பார்கள். கடந்த சில வருடங்களாக இவர் மட்டும் தலையில் கரகத்தோடு நடு நெருப்பில் நின்று, சுற்றிப் பார்த்துவிட்டு, மெதுவாக நடந்து வந்திருக்கிறார். சுடவே இல்லையாம். அதன் பிறகு ஜலகண்டாபுரத்திலிருந்துகூட ஆட்கள் வந்து அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள், குழந்தைகளை அவர் பாதத்தடியில் கிடத்தினார்கள். இதையெல்லாம் அவர் பெருமையாகச் சொல்லவில்லை. மழை பெய்ததைச் சொல்வது போலச் சொன்னார்.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் மேசையிலிருந்த நைலான் இழையை எடுத்தேன். உங்கள் மேசையிலும் அது இருக்கும். பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கும் இழை. கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னேன். தொடும்போதெல்லாம் ஆமாம் என்று சொல்லச் சொன்னேன். பூசாரி கண்ணை மூடினார். பூசையில் மூடுவது போலவே மூடினார். முகம் அப்படி அமைதியாக இருந்தது. விரல் நுனி, விரலடி, உள்ளங்கால், குதிகால் என்று ஓரிடம் விடாமல் தொட்டேன். அறையில் சத்தமே இல்லை. முடித்து இழையைக் கீழே வைத்தேன்.

"ஆரம்பிங்க, நர்சம்மா. நீங்க இன்னும் தொடவே இல்லீங்களே," என்றார்.

கதவருகில் நின்றிருந்த பாவாயி விம்மிவிட்டு, புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். அந்தச் சத்தத்தில் பூசாரி கண்ணைத் திறந்தார். மனைவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு தன் காலைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து விபத்துக் கேஸ் ஒன்று வந்து, டாக்டரை அவசரமாகக் கூப்பிட்டுவிட்டார்கள். அறையில் நாங்கள் மூவர்தான். வெளியே பெஞ்சு நிறைய ஆட்கள் காத்திருந்தார்கள்.

"அப்ப இத்தன வருசம் சுடாம இருந்தது, ஆத்தா இல்லீங்களா?" என்று அவர் என்னிடம் கேட்டார்.

இந்த வேலையில் உங்களிடமும் இப்படி ஒரு கேள்வி வரும். எந்தப் பாடத்திலும் அது இருக்காது. எனக்கு இரண்டு பதில்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. ஆத்தாதான் என்று சொல்லியிருக்கலாம். அவர் மனம் குளிர்ந்து, பங்குனியில் அதே காலோடு நெருப்பில் இறங்கியிருப்பார். இல்லை, வெறும் சர்க்கரைதான் என்றும் சொல்லியிருக்கலாம். அவர் எழுந்து போயிருப்பார், திரும்பி வந்திருக்கமாட்டார். முள்ளைப் பிடுங்குவது போல அந்த நம்பிக்கையைப் பிடுங்க எனக்கு உரிமை இருந்ததா என்று இன்றும் எனக்குத் தெரியாது. எனக்குக் காலைப் பற்றி மட்டும்தான் தெரியும் என்று சொன்னேன். பிறகு, முதன்முதலாகக் குண்டம் இறங்கியபோது எப்படி இருந்தது என்று கேட்டேன்.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மலை மேல் பனி கலைந்துகொண்டிருந்தது. அப்பா இறந்த வருடம் அது என்றார். கல்யாணமாகிச் சில மாதம்தான். இரண்டாவது எட்டிலேயே திரும்பி ஓடிவிடலாம் என்று தோன்றியதாம். பறைச் சத்தம் கிணற்றுத் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல எங்கோ கேட்டதாம். கரையேறியபோது இரண்டு பாதமும் கொப்பளம். நாள் கணக்கில் வாழையிலை மேல் காலை வைத்துப் படுத்திருந்தார். பாவாயி வெண்ணெய் தடவுவார். விரல் படும்போதெல்லாம் இவர் துடிப்பார். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுவார். ஏதோ கல்யாண நாளைச் சொல்வது போல இதைச் சொன்னார். சொல்லும்போது, வேறு யாருடைய குழந்தையையோ மடியில் வைத்திருப்பது போலத் தன் காலைத் தடவிக்கொண்டிருந்தார். நான் கட்டுப் போட்டேன். நாளை மறக்காமல் வர வேண்டும் என்றேன். வாரேனுங்க என்று சொல்லிப் போனார்.

வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. அவருக்குப் பதிலாகக் கோயில் தர்மகர்த்தா வந்தார்; வயதான விவசாயி, கெட்டவர் இல்லை. பூசாரி இறங்காமல் குண்டம் திறக்காது என்றும், ஊர் முழுக்க வேண்டுதலோடு காத்திருக்கிறது என்றும், அன்றைக்கு ஒரு நாள் மட்டும் தாங்குகிற மாதிரி ஊசி போட்டு, கட்டைக் கெட்டியாகப் போட்டுவிட முடியாதா என்றும் கேட்டார். வலியே இல்லாத காலுக்கு எதைத் தாங்க ஊசி போடுவது என்று டாக்டர் அவரிடம் நிதானமாகக் கேட்டார். பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

டாக்டரிடம் சொல்லிவிட்டு, வேலை முடிந்ததும் நான் பூசாரி வீட்டுக்குப் போனேன். வராத நோயாளியைத் தேடிப் போவது நம் வேலையா என்று உங்களில் சிலர் நினைக்கலாம். எல்லாரையும் தேடிப் போக முடியாதுதான். ஆனால், ஏன் வரவில்லை என்பது புண்ணைவிடப் பெரியதாக இருக்கும் சிலர் உண்டு.

வாசலிலேயே வாடை தெரிந்தது. பேச்சுக்கு முன்னால் கட்டைப் பிரித்தேன். புறங்கால் சூடாக இருந்தது; சிவப்பு கணுக்காலை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. பூசாரி என் முகத்தைப் படித்துவிட்டார். ஆனால் அவர் பேசியது காலைப் பற்றி இல்லை.

"அன்னிக்குக் கேட்டீங்களே, மொதமொதல்ல எறங்கினதப் பத்தி. சுட்டுச்சுங்க. சுட்டும் நடந்தேன். அதையத்தான் ஆத்தாளுக்குக் குடுத்தேன். இப்ப இந்தக் காலோட எறங்கினா நான் என்னத்தக் குடுக்கறேன்? செத்த கட்டையத் தூக்கிப் போடற மாதிரிதானுங்க."

அப்புறம் ஏன் கட்டுப் போட வரவில்லை என்று கேட்டேன். தன் காலைத் தொட்டுக் கும்பிட்டவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்று தெரியவில்லை என்றார். கால் போனால் போகட்டும், அதோடு எல்லாம் முடிந்துவிடும் என்றுகூட நினைத்தாராம். பாவாயி அடுப்படியிலிருந்து வந்தார். கையில் மடித்த துணிப்பை. ஆஸ்பத்திரிக்கு வேண்டியதையெல்லாம் அவர் என்றைக்கோ எடுத்து வைத்துவிட்டார்.

"உங்க காலக் கும்பிட்டவங்க ஆராச்சும் ஒருநாள் அதுக்கு வெண்ணெ தடவுனாங்களா? நான் தடவுனேன். எந்திரீங்க," என்றார்.

அன்றே படுக்கையில் சேர்த்தோம். அந்த வாரத்தை இப்போது நினைத்தாலும் ஒரு நீண்ட அரைத்தூக்கம் போலத்தான் இருக்கிறது. சொட்டுச் சொட்டாக மருந்து இறங்கும். காலையும் மாலையும் டாக்டர் வந்து பேனாவால் சிவப்பின் ஓரத்தைக் கோடிட்டுப் பார்ப்பார். கணுக்காலைத் தாண்டினால் காலை எடுக்க வேண்டி வரலாம் என்று பாவாயியிடமும், ரிக்கை விட்டு ஓடி வந்திருந்த செந்திலிடமும் மறைக்காமல் சொல்லியிருந்தார். பூசாரி கூரையைப் பார்த்தபடி கிடப்பார். மகன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அப்பாவின் நல்ல காலைப் பிடித்துவிடுவார். ஒரு காலையில் சிவப்பு, கோட்டுக்கு உள்ளே இறங்கி நின்றது. அடுத்த நாள் இன்னும் கொஞ்சம் இறங்கியது. டாக்டர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்தார். அதுதான் நல்ல செய்தி என்று புரிந்துகொள்ள எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

காப்புக் கட்டுக்கு முன்பு கோயிலில் ஊர் கூடியது. பூசாரி டாக்டரையும் என்னையும் வரச் சொன்னார். ஒன்றும் பேச வேண்டாம், பக்கத்தில் நின்றால் போதும் என்றார். மாவுக்கட்டுப் போட்ட காலோடு, மகன் தோளைப் பிடித்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். பூசாரி இறங்கலாமா என்று அம்மனிடம் பூப்போட்டுக் கேட்டுவிடலாம் என்று தர்மகர்த்தா ஆரம்பித்தார்.

"இதுக்குப் போயி ஆத்தாளத் தொந்தரவு பண்ண வேண்டாமுங்க," என்றார் பூசாரி. "கொஞ்ச வருசமா எனக்குச் சுடலைன்னு நீங்கெல்லாம் எங்காலக் கும்பிட்டீங்க. நானும் அப்படித்தான் நெனச்சேன். அது சக்கர நோயிங்க. முள்ளு ஏறுனது தெரியல, ரத்தம் ஒழுகுனது தெரியல. நெருப்பும் தெரியல. அம்புட்டுத்தான்."

கூட்டத்தில் ஒருவர்கூட யாரையும் பார்க்கவில்லை. வேப்பிலைத் தோரணம் காற்றில் உரசும் சத்தம் கேட்டது. யாராவது ஒரு சொல் தப்பாகச் சொல்லிவிட்டால் அவர் உடைந்துபோவார் என்று பயந்தேன். பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் எழுந்தது. நடுத்தர வயதுப் பெண்; எனக்குப் பழக்கமில்லாத முகம்.

"போன வருசம் எனக்குந்தான் சுடலைங்க, பூசாரி," என்றார்.

அவர் அதைச் சொன்ன பிறகு, கூட்டத்தில் பலர் குனிந்து தங்கள் பாதத்தைப் பார்த்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

பூமிதி அன்று விடிந்ததும் நாங்கள் கோயிலுக்குப் போனோம். டாக்டருக்கு யாரும் நெருப்பில் இறங்குவதில் சம்மதம் இல்லை. சர்க்கரை உள்ளவர்கள் இறங்கவே கூடாது என்று ஊர்க்காரர்களிடம் வெளிப்படையாகவே சொன்னார். எப்படியும் இறங்கத்தான் போகிறீர்கள் என்றால், அதற்கு முன் காலைக் காட்டிவிட்டுப் போங்கள் என்றார். தர்மகர்த்தாவே வேப்பமரத்தடியில் பாய் விரித்துக் கொடுத்தார். மஞ்சள் உடுத்தி, ஈரத் தலையோடு ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்து காலை நீட்டினார்கள். கண்ணை மூடினார்கள். நானும் டாக்டரும் இழையால் தொட்டுக்கொண்டே போனோம். "ஆமாங்க… ஆமாங்க…" என்று மெல்லிய குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. குண்டத்துக் கங்கின் மேல் காற்று நெளிந்துகொண்டிருந்தது. அதற்கு அப்பால் மலையும் நெளிந்தது. என் வேலை நாட்களில் அவ்வளவு மெதுவாக நகர்ந்த காலைப்பொழுது வேறில்லை.

சில பேர் கண்ணை மூடியபடி பேசாமல் இருந்தார்கள். அவர்களுக்கு என்ன சொல்வது என்று நான் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. பூசாரி அவர்களைத் தன் பக்கத்தில் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொண்டார். கரையேறி வருகிறவர்கள் காலுக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றும் வேலையை அவர்களிடம் கொடுத்தார். கூட்டத்தில் குரல் கொடுத்த அந்தப் பெண்தான் முதல் குடத்தை எடுத்தார்.

பூப்பந்தைப் பூசாரியே உருட்டிவிட்டார். பூ கருகாமல் மறுகரை போய்ச் சேர்ந்தது. ஊர் ஒத்துக்கொண்டபடி, அப்பாவுக்குப் பதிலாகச் செந்தில் கரகத்தோடு முதலில் இறங்கினார். ரிக் வண்டியில் ஊர் ஊராக அலைந்துகொண்டிருந்த அந்த மகன் அதுவரை குண்டத்தில் கால் வைத்ததே இல்லை. நடுவில் ஒரு கணம் அவர் முகம் சுருங்கியது. நான் பூசாரியைப் பார்த்தேன். அவர் நாற்காலியின் கையைப் பிடித்தபடி பாதி எழுந்திருந்தார். செந்தில் நடந்துவிட்டார். கரையேறி, மஞ்சள் தண்ணீரில் நின்று, அப்பாவின் காலடியில் வந்து உட்கார்ந்தார். பூசாரி குனிந்து மகனின் பாதங்களைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"சுட்டுச்சா, சாமி?"

"சுட்டுச்சுங்கப்பா," என்றார் செந்தில். கண்ணில் நீர் நிறைந்திருந்தது.

பூசாரி அந்தப் பாதங்களைத் தன் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

அடுத்த வாரம் முதல் அந்த ஊரிலிருந்து ஆட்கள் எங்கள் அறைக்கு வரத் தொடங்கினார்கள். சிலருக்கு அப்போதுதான் சர்க்கரை இருப்பதே தெரிந்தது. பூசாரியின் புண் ஆற ஐப்பசி மழை வரைக்கும் ஆனது. நடுவில் ஒருமுறை திறந்துகொண்டது. மறுபடியும் மாவுக்கட்டு, மறுபடியும் காத்திருப்பு. வெயில் நேரத்தில் கோயில் கல்தரையில் வெறுங்காலோடு நிற்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தெருவில் படாத, கோயிலுக்குள் மட்டும் போடுகிற மெத்தென்ற ரப்பர் செருப்பு ஒன்றைச் செய்து வாங்கினோம். அதற்கு ஊரைச் சம்மதிக்க வைத்தவர் தர்மகர்த்தாதான்.

நான் ஓய்வு பெறும் சமயத்தில் பூசாரியும் பாவாயியும் என்னைப் பார்க்க வந்தார்கள். கால் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். விடிந்ததும் பாவாயி கைக்கண்ணாடியை உள்ளங்காலுக்குக் கீழே பிடிப்பாராம்; இவர் விரலிடுக்கு முதல் குதிகால் வரை பார்த்து முடித்த பிறகுதான் கோயில் நடை திறக்கப் போவாராம்.

"இப்பெல்லாம் மொத தரிசனம் இதுக்குத்தானுங்க," என்றார். "ஆத்தா கொஞ்ச நேரம் காத்துக்கிட்டு இருப்பா. அவளுக்கு ஒண்ணும் அவசரமில்லீங்க."